அபார்ட்மென்ட் அடுப்பில் பொங்கல் பானை: அனுபவப் பகிர்வு

நியூஜெர்சி
பால் பொங்கி வழியணும். கரும்பு, மஞ்சள் கொத்து, முற்றம் எல்லாத்துக்கும் மாற்று உண்டு, இதுக்கு மட்டும் கிடையாது. கண்ணாடி அடுப்பு பாழாகுமேன்னு பயந்து, பெரிய பாத்திரத்தில் அரைவாசி பால் விட்டு, வழியாமலே அரிசியைப் போட்டுடறாங்க. வழியவிட்டும் அடுப்பைக் காப்பாத்தலாம்.

2 லிட்டர் பிடிக்கிற, கழுத்து குறுகின எவர்சில்வர் பானை எடுங்க. அதில் 2 கப் பால், அரிசி களைஞ்ச இரண்டாம் தண்ணீர் 4 கப். முக்கால் பானை வரும். கழுநீரில் இருக்கிற மாவுதான் நுரையைச் சட்டுன்னு உடையவிடாமல் பிடிச்சு நிறுத்தும். வெறும் தண்ணீர் அதிகமானால் கொதிக்குமே தவிர எழும்பாது. விளிம்பில் குமிழி கட்ட ஆரம்பிச்சதும் அடுப்பைக் கூட்டுங்க. மிதமான சூட்டில் நுரை பாதிக் கழுத்து வரை வந்து அமுங்கிடும். முதல் துளி வெளியே வழிஞ்சதும் இண்டக்‌ஷன் என்றால் அணைச்சாலே போதும். சிவப்பாகக் கனலும் கண்ணாடி அடுப்பு என்றால் பானையையே தூக்கணும், அணைச்ச பிறகும் அதில் சூடு நிற்கும்.

பொங்கினதும் 2 கப் பாலை முகந்து வைங்க. 1 கப் பச்சரிசி, வாசம் வர வறுத்த கால் கப் பாசிப்பருப்பு சேருங்க. முகந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப விட்டுக் குழைய வேகவிடுங்க.

வழியற நேரத்தில் பானையில் வெல்லம் இருக்கவே கூடாது. பால் மட்டும் வழிஞ்சால் ஆறினதும் துடைச்சிடலாம். சர்க்கரைப் பாகு சுடு கண்ணாடியில் ஒட்டினால் கண்ணாடியையே பெயர்த்துக்கொண்டு வரும். வழியறதைப் பிடிக்க அலுமினியத் தாள் விரிக்கவும் வேண்டாம், அது உருகி ஒட்டும். வெண்கலப் பானை, பித்தளைப் பானை இண்டக்‌ஷனில் சூடாகாது. காந்தம் ஒட்டும் அடிப்பாகம் வேணும்.

லண்டன்
ஒரு சந்தேகம் அக்கா. வெல்லம் போட்டதும் பால் திரிஞ்சு போகுது. பால் பழசா?

நியூஜெர்சி
பால் மேல தப்பில்லை தம்பி. வெல்லத்தில் லேசான புளிப்பு உண்டு. கொதிக்கிற பாலில் அது பட்டால் திரியும். ஒன்றரை கப் வெல்லத்தை அரை கப் தண்ணீரில் கரைச்சு, மண் போக வடிகட்டி, கை பொறுக்கிற சூட்டுக்கு ஆறவிடுங்க. பால் முழுக்க அரிசியில் சுண்டின பிறகு, அடுப்பை அணைச்சுட்டுச் சேருங்க. அப்புறம் சிறு தீயில் ஐந்து நிமிஷம் கிளறினால் போதும். அரிசியை விரலால் நசுக்கிப் பார்த்துட்டுத்தான் வெல்லம். வெல்லம் விழுந்த பிறகு அரிசி வேகவே வேகாது, விறைச்சு நிற்கும்.

ஸ்கார்பரோ
யாழ்ப்பாணத்துப் புக்கைக்கு, அதாவது பொங்கலுக்கு, நாங்கள் தேங்காய்ப்பாலும் விடுறது. முதற்பாலை கடைசியிலதான் விடவேணும், முதலே விட்டுக் கொதிக்கவிட்டால் எண்ணெய் பிரிஞ்சு போகும். பயறு வறுக்கிறது பொன்னிறத்துக்குக் கொஞ்சம் முன்னமே போதும். பால் பொங்கினதும் வீட்டுப் பெரியவர் இரண்டு கையாலும் அரிசியை அள்ளி, பானையை மூன்றுமுறை சுற்றிப் போடவேணும். சுடுகிற அடுப்புக்கு மேலால கை சுத்தக்கூடாது. பானையை இறக்கி மரப்பலகையில வைச்சுச் செய்யுங்கோ.

பல்கனியில பியூட்டேன் அடுப்பு வைக்கிற ஆக்கள் கவனியுங்கோ. பியூட்டேன் சுழியம் பாகைக்குக் கிட்ட வந்தாலே ஆவியாகாது, தை மாசக் குளிரில அடுப்பு அணைஞ்சு போகும். உடனே அதை வீட்டுக்குள்ள தூக்கிக்கொண்டு வந்து, யன்னலைப் பூட்டிப்போட்டு எரிக்கிறதுதான் பெரிய ஆபத்து. எரியேக்க வாற நச்சு வாயுவான கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை. உள்ளே என்றால் மின்னடுப்பு மட்டும்தான்.

கற்பூரத்தாலும் சாம்பிராணியாலும் புகை அலாரம் அடிக்கும். அலாரத்தை ஒருநாளும் மூடவேண்டாம். நெய் விளக்கு ஒன்று போதும்.

மெல்பன்
இங்கே ஜனவரி கோடை. கொல்லையில் மூணு செங்கல் வைச்சு விறகில் பொங்கலாம், ஆனா முந்தின நாளே 'டோட்டல் ஃபயர் பேன்' அறிவிப்பு உண்டான்னு பாருங்க. தடை நாளில் விறகடுப்பு சட்டப்படி குற்றம். காய்ஞ்ச புல்லுக்குப் பக்கத்தில் மற்ற நாளிலும் வேண்டாம். ஊரிலிருந்து கரும்பு, மஞ்சள் கொத்து பெட்டியில் கொண்டு வராதீங்க, விமான நிலையத்திலேயே எடுத்துடுவாங்க. கடையில் பச்சை மஞ்சள் கிழங்கு கிடைக்கும். முளை விட்டதாகப் பொறுக்கி நூலில் கோத்துப் பானைக் கழுத்தில் கட்டினால் அழகாக நிற்கும். புது மண்பானை என்றால் ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறணும், முதல் கால் மணி நேரம் சிறு தீதான். சட்டுன்னு சூடு ஏறினால் அடி விரியும்.

லண்டன்
நன்றி அக்கா. நேரம்: ஜனவரி நடுவில் இங்கே சூரியன் உதிக்கறது காலை 8 மணி, மெல்பனில் 6 மணி தாண்டி. ஊர் நேரத்தைப் பார்க்காமல் உங்க வாசலில் சூரியன் வர்ற நேரத்துக்குப் பொங்குங்க. பொங்கி வழிய இருபது நிமிஷம் ஆகும், அதுக்குத் தகுந்த மாதிரி அடுப்பு மூட்டுங்க.

கோலம் பொது நடைபாதையில் வேண்டாம், மாவு வழுக்கும். கறுப்புப் பலகையில் அரிசி மாவைக் கரைச்சு, துணி நனைச்சு விரலால் இழுங்க. ஈரத்தில் மங்கலாத்தான் தெரியும், காயக் காய வெள்ளை எழும்பி வரும்.

உறைஞ்ச வாழையிலையை முந்தின இரவே ஃப்ரிட்ஜில் கீழ்த்தட்டுக்கு மாத்துங்க. விறைப்போடு பிரிச்சால் நரம்போரமாகக் கிழியும். வெந்நீர்த் துணியால் துடைச்சால் பச்சை திரும்பும், மடங்கும்.