டொலமைட் போட்ட ரோசா

நான்: 📷 எல்லாரும் ஒருக்கா இந்தப் படத்தைப் பாருங்க. மட்டக்களப்பில் எங்கட கல்லடிப் பாலத்தடியில் வாகனத்தில் வைத்து விற்றவரிடம் வாங்கிய ரோசா ஒட்டுக்கண்டு. வாங்கின அன்று ஒரு சிவப்புப் பூ இருந்தது, ஓட்டோவுக்குள்ளேயே மணந்தது. இப்போது இலையெல்லாம் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. நேற்றுப் பூத்த பூ நெல்லிக்காய் அளவுதான், மணமும் இல்லை.

பண்டாரவளைச் சித்தி: அடக் கடவுளே. டொலமைட் சுண்ணாம்புத்தூள் போட்டாயா மகள்?

நான்: நீங்கள் போன மாதம் சொன்னீங்க என்றுதானே சித்தி இரண்டு கைப்பிடி போட்டேன். அதுக்கு அப்புறம்தான் இப்படி ஆனது.

பண்டாரவளைச் சித்தி: எங்கட வீட்டில் போட்டால் நல்லா வருதே. நான் பொய்யா சொல்றேன்?

கொக்கட்டிச்சோலை மாமா: பொய் இல்லை தங்கச்சி, உன்ட மண்ணுக்கு அது சரி. நீ இருப்பது 4,000 அடி உயரத்தில், தேயிலை வளரும் மண், புளிப்பு கூடியது. மண்ணின் புளிப்பைச் சொல்கிற பி.எச். எண் ரோசாவுக்கு 6 முதல் 6.5 வரை இருந்தால் போதும், புளிப்பு கூடினால் எண் குறையும், அதனால் நீ சுண்ணாம்புச் சத்துப் போட்டு அந்த எண்ணைத் தூக்குகிறாய். கல்லடியில் மண்ணே சிப்பித்தூள், அதுவே சுண்ணாம்புதான். அதுக்கு மேலே டொலமைட்டும் போட்டால் மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க ஏலாது. நரம்பு பச்சை, மற்ற இடமெல்லாம் மஞ்சள் என்றால் முதலில் அதைத்தான் நினைக்க வேணும். மனே, ஒரு கரண்டி மண்ணில் கொஞ்சம் வினாகிரி ஊற்றிப் பாரு, சுண்ணாம்பு இருந்தால் நுரைக்கும்.

நான்: பொறுங்க

நான்: மாமா சோடா மாதிரி நுரைக்குது 😳

நான்: முற்றத்து மண்ணும் நுரைக்குது, சாடியில் டொலமைட் போட்டதாலே மட்டும் இல்லை

கொக்கட்டிச்சோலை மாமா: பார்த்தியா. போட்டதைத் திரும்ப எடுக்க வழியில்லை, மண்ணையே மாற்று. எங்கட படுவான்கரைப் பக்கம் வயல் மண் நான் ஒரு பை தாறேன். அதில் ஒரு பங்கு, உக்கின மாட்டெரு ஒரு பங்கு, தேங்காய்த் தும்புத்தூள் ஒரு பங்கு. தும்புத்தூளை இரண்டு மூன்று தரம் நல்ல தண்ணீரில் அலசிப் போடு, அதிலும் உப்பு இருக்கும். உங்கட கிணறு உவரா?

நான்: கோடையில் உவர், மாரியில் பரவாயில்லை.

கொக்கட்டிச்சோலை மாமா: அப்போ படத்தில் இலை ஓரம் கருகியிருப்பதும் அந்த உப்பாலேதான். கோடையில் வறண்ட கச்சான் காற்று வீசுகிற காலத்தில் நீ காலையும் மாலையும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவாய், தண்ணீர் ஆவியாகும், உப்பு மட்டும் சாடியில் தங்கும். பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ வாரத்தில் ஒரு நாள் அடியால் வழிகிற அளவுக்கு ஊற்று. எங்கட பக்கம் இதுக்கு மறுபக்கம், களிமண், மாரியில் தண்ணீர் நின்று வேர் அழுகும். அதனால் நான் முழங்கால் உயரத்துக்கு மேடு கட்டித்தான் நடுகிறேன்.

லண்டன் மச்சாள்: இங்கேயும் களிமண்தான் மாமா, ஆனால் ரோசாவுக்கு அது பிடிக்குது. என்னிடம் ஜெர்ட்ரூட் ஜீக்கில் என்று ஒன்று நிற்குது, 1986ல் வந்த இனம், ஜூனில் பூத்தால் பக்கத்து வீட்டுக்காரர் மதில் மேலால் எட்டி மணந்து பார்ப்பார் 😂 குளிருக்கு மொட்டையாக நின்று தூங்கும். மாசி கடைசியில் வெட்டி விடுவேன்.

கொக்கட்டிச்சோலை மாமா: எங்கட செடிக்கு அந்தத் தூக்கம் கிடையாது. நாங்கள்தான் மழை விட்டதும், தை கடைசி மாசிப் பக்கம், வெட்டி ஓய்வு கொடுக்க வேணும். மாரியில் இலையில் கரும்புள்ளி, கோடையில் செஞ்சிலந்தி. இரண்டுக்கும் நடுவில் பூத்தால்தான் உண்டு.

நான்: மணம் ஏன் போனது? அதை ஒருவரும் சொல்லவில்லை.

லண்டன் மச்சாள்: நீ எத்தனை மணிக்கு மணந்து பார்த்தாய்?

நான்: பள்ளி விட்டு வந்து. இரண்டரை இருக்கும்.

லண்டன் மச்சாள்: 🤦‍♀️ மணம் என்பது ஆவியாகிற எண்ணெய்தானடி. பல்கேரியாவில் கசான்லக் பக்கம் அத்தருக்குப் பூ எடுக்கிறவர்கள் விடியலிலேயே தோட்டத்தில் நிற்பார்கள், வெயில் ஏறினால் எண்ணெய் குறைந்து விடும். ஒரு கிலோ எண்ணெய்க்கு 3,000 கிலோவுக்கு மேல் இதழ் வேணும், பின்னே விடுவார்களா. நீ கச்சான் காற்றில் இரண்டரை மணிக்கு மூக்கை வைத்தால் என்ன இருக்கும். நாளைக்கு ஆறு மணிக்குப் பாரு.

ஆரையம்பதி மாமி: 🎤 குரல் செய்தி 1:47

நான்: மாமி எழுதுங்க, பக்கத்தில் பிள்ளை தூங்குது

ஆரையம்பதி மாமி: கண்ணாடி இல்லாமல் எழுதுறேன் பிழை இருந்தால் பார்க்க வேண்டாம். மலைநாட்டு ஒட்டுக்கண்டு வாங்கி வாங்கிக் காசைக் கரைக்கிறீங்க. அம்மா 78 சூறாவளிக்குப் பிறகு கிணற்றடியில் நட்ட பன்னீர் ரோசா இன்னும் நிற்குது, அரிசி கழுவின தண்ணீர்தான் அதுக்குப் பசளை. பூ ஒரு நாளில் கொட்டும்தான், வெட்டித் தண்ணீரில் அலங்காரத்துக்கு வைக்க உதவாது, ஆனால் சாமித் தட்டில் ஒன்று வைத்தால் வீடே மணக்கும்.

லண்டன் மச்சாள்: மாமி அது எட்வர்ட் ரோஸாக இருந்தால் அதுவும் எங்கட கடல்காரிதான். இந்தியப் பெருங்கடலில் ரீயூனியன் தீவு இருக்கே, 200 வருடத்துக்கு முதல் அங்கே வேலியில் நின்ற டமாஸ்க் ரோசாவும் சீன ரோசாவும் கலந்து பிறந்த இனம். தமிழ்நாட்டில் மாலைக்கு எடுக்கிற பன்னீர் ரோஜாவும் அதுதான். வெயில் அதுக்குப் புதிதில்லை.

பண்டாரவளைச் சித்தி: அப்போ என்ட டொலமைட் குற்றவாளி இல்லையே

கொக்கட்டிச்சோலை மாமா: பாதிக் குற்றவாளி. யாரும் யாருக்கும் பசளை சொல்லும் முன் எந்த ஊர் மண் என்று கேளுங்க.

நான்: மாமி எனக்கு ஒரு தடி வெட்டித் தருவீங்களா?

ஆரையம்பதி மாமி: பென்சில் மொத்தத்தில் நாலு வெட்டி வைக்கிறேன், நாலில் ஒன்றாவது பிடிக்கும். சனிக்கிழமை வா. மறுகா வாறேன் என்று சொல்லாதே, மழை தொடங்க முதல் நட வேணும்.

நான்: வாறேன் மாமி 🙏

ஆரையம்பதி மாமி: வரும்போது சித்திரை வருடத்துக்குப் பலகாரம் கொண்டுபோன எவர்சில்வர் சட்டியையும் கொண்டு வா.

நான்: 😶

லண்டன் மச்சாள்: 😂😂😂