புதுப்பிப்பு: முதல் ஆட்டோகிராஸ், கம்பெனி டயரோடுதான்

வேலூரிலிருந்து முதல் ஆட்டோகிராஸுக்கு, அதாவது கூம்புகளுக்கு நடுவே ஒவ்வொரு காராக நேரம் பார்த்து ஓட்டும் போட்டிக்குப் போகிறேன், காரோடு வந்த டயர்களே போதுமா, புதியவை வாங்க வேண்டுமா என்று முன்பு கேட்டிருந்தேன். வாங்கவில்லை. "முதலில் ஓட்டுநரைத் திருத்து, டயரைப் பிறகு மாற்று" என்று எழுதிய நண்பருக்கு நன்றி. கோபம் வந்தது, ஆனாலும் நன்றி.

காற்றழுத்தத்தில்தான் விஷயம் இருக்கிறது. சாலை டயரின் பக்கச்சுவர் மென்மையானது. வேகமான திருப்பத்தில் மடிந்து, டயர் ஓரத்தில் ஓடத் தொடங்கிவிடும். ராணிப்பேட்டையில் உறவினரின் தொழிற்கூட வளாகத்தில் கூம்புகளை வைத்து ஓட்டிப் பார்த்தேன். டயர் ஓரத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, எதுவரை அழிகிறது என்று கவனித்தேன். 33 பிஎஸ்ஐயில் டயர் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் சின்ன முக்கோணக் குறியையும் தாண்டி அழிந்தது; அதாவது டயர் மடிந்து பக்கச்சுவரில் ஓடியிருக்கிறது. முன் டயர்களை 38க்கு ஏற்றியதும் குறியருகே நின்றுவிட்டது. டயரில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவை மட்டும் தாண்டாதீர்கள். நம் ஊர் வெயிலையும் கணக்கில் வைக்க வேண்டும்: 5, 6 டிகிரி செல்சியஸ் சூடு ஏறினாலே ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ கூடும். ஆகவே ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் அளந்து, கூடியதை இறக்கப் போகிறேன்.

மற்றவை சில்லறை வேலை. ஸ்டெப்னி, ஜாக்கி, மிதியடி எல்லாம் வீட்டில் இறங்கிவிட்டன. சக்கர நட்டுகளைக் காட்பாடி மெக்கானிக் அண்ணன் சரிபார்த்தார். "பந்தயமா தம்பி, பரிசு எவ்வளவு?" என்றார். பரிசே இல்லை என்றதும் கூலியில் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஹெல்மெட் இன்னும் வாங்கவில்லை. மூக்குக் கண்ணாடி அணிபவருக்கு முழுமுக ஹெல்மெட் வசதியா, முகம் திறந்ததா? அணிந்து ஓட்டியவர்கள் சொல்லுங்கள்.