கவிஞர்களின் கையெழுத்துப் படிகள்: பார்த்தவர்கள் சொல்கிறார்கள்

ஈயஎழுத்து, கோலாலம்பூர்

கவிதையைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி குறைவு. கையெழுத்தைப் பற்றிப் பேசலாம். கணினி வருவதற்கு முன் இங்கே ஒரு தமிழ் நாளிதழின் அச்சுக்கூடத்தில் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கி, எழுத்துக் கோத்துப் பிழைத்தவன் நான். ஞாயிறு மலருக்கு வரும் கவிதைகள் ஆசிரியர் மேசையிலிருந்து நேரே என் கைக்குத்தான் வரும். தோட்டத்துக் கிராணி (எழுத்தர்), ரயில்வே ஊழியர், பள்ளி ஆசிரியர் என்று யார் யாரோ எழுதுவார்கள். தாளைப் பிரித்ததுமே தெரிந்துவிடும், கண்ணுக்கு இன்று விருந்தா வேதனையா என்று.

மகளுடன் புதுச்சேரிக்குப் போயிருந்தபோது ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதியார் குடியிருந்த வீட்டைப் பார்த்தோம். இப்போது அது நினைவு இல்லம். மற்றவர்கள் புகைப்படங்களைப் பார்த்துக்கொண்டே நகர்ந்தார்கள். நான் அவருடைய கையெழுத்தின் முன் நின்றுவிட்டேன். ஊர் திரும்பிய பிறகு, புத்தகங்களில் வந்திருக்கும் நிழற்படிகளையும் தேடித் தேடிப் பார்த்தேன்.

எனக்கு முதலில் வந்தது பக்தி அல்ல. “இவர் எழுத்துக் கோப்பவனை மதித்திருக்கிறார்” என்ற நினைப்புதான். உணர்ச்சி கொப்பளிக்கும் கவிஞர் என்பதால் கையெழுத்தும் தாறுமாறாக இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். அப்படி இல்லை, உட்கார்ந்து கோக்கலாம். யோசித்தால் இதில் வியப்பதற்கு ஒன்றும் இல்லை. 1904-இல் சுதேசமித்திரனில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தவர், 1906-இலிருந்து ‘இந்தியா’ வார இதழை நடத்தியவர், 1908-இல் புதுச்சேரிக்குப் போன பிறகும் பத்திரிகையை விடாதவர். தம் தாளை அடுத்துப் படிக்கப்போகிறவன் ரசிகன் அல்ல, கையில் ஈயக் கறை படிந்த ஒருவன் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். இது என் கட்சி. தமிழ்ப் பேராசிரியர்கள் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் பரவாயில்லை.

அந்தத் தாள்களில் இன்னொன்றும் என்னைப் பிடித்துக்கொண்டது. பழைய ணை, லை, ளை, னை, அந்தத் துதிக்கை தூக்கிய வடிவங்கள். பழைய ணா, றா, னா. பெரியார் 1935-இலேயே ‘குடி அரசு’ இதழில் இவற்றை மாற்றினார். தமிழக அரசு 1978-இல்தான் ஏற்றுக்கொண்டது. அதன் பிறகு இங்கும் மாறியது. மொத்தம் 13 எழுத்துகளுக்கு உருவம் மாறியது. எங்கள் எழுத்துப் பெட்டியில் அவற்றுக்கென்று தனி அறைகள் இருந்தன. பாரதியின் வரியில் பழைய ‘னை’யைக் கண்டதும் என் வலக்கை தானாகவே அந்த அறை இருந்த பக்கம் நகர்ந்தது. பக்கத்தில் நின்ற மகள், “என்னப்பா தேடுகிறீர்கள்?” என்றாள்.

பாஞ்சாலி சபதத்தின் முதல் பாகம் 1912-இல் அவர் உயிரோடு இருக்கும்போதே அச்சாயிற்று. இரண்டாம் பாகம் வெளிவந்தது 1924-இல். அவர் 1921 செப்டம்பரிலேயே போய்விட்டார். அந்த இரண்டாம் பாகத்தைக் கோத்தவனுக்கு ஒரு சொல்லில் ஐயம் வந்திருந்தால் யாரிடம் போய்க் கேட்டிருப்பான்? எங்களுக்காவது கவிஞர் வீட்டுக்கு ஆள் அனுப்பவோ தொலைபேசியில் கூப்பிடவோ வழி இருந்தது. அவனுக்குத் தாள் ஒன்றே கதி.

இத்தனைக்கும் 1920-இல் தம் எழுத்துகளை எல்லாம் 40 நூல்களாக, நூலுக்கு 10,000 படிகள் அச்சிட வேண்டும் என்று பாரதி சுற்றறிக்கை விட்டிருக்கிறார். மண்ணெண்ணெய், தீப்பெட்டி போல வீடுதோறும் புத்தகம் போக வேண்டும் என்பது அவர் கணக்கு. பணம் சேரவில்லை.

பினாங்குக்காரி, ஜார்ஜ்டவுன்

ஐயா, நீங்கள் சுத்தமான கையெழுத்தைப் புகழ்ந்துவிட்டீர்கள். நான் அதற்கு நேர் எதிரானதைப் பார்த்தேன். சாந்திநிகேதனில் ரவீந்திர பவனத்தில் தாகூரின் கையெழுத்துப் பக்கங்கள். எனக்கு வங்காளம் ஓர் எழுத்துகூடத் தெரியாது. அதனால்தானோ என்னவோ பார்க்க முடிந்தது! மனிதர் ஒரு சொல்லை அடித்தால் அடித்ததோடு விடுவதில்லை. அடித்த இடங்களைக் கோட்டால் இணைத்து ஒரு பறவை, இல்லாவிட்டால் பெயர் வைக்க முடியாத ஒரு விலங்கு ஆக்கிவிடுகிறார். 1924-இல் அர்ஜென்டினாவில் தங்கியிருந்தபோது ‘பூரபி’ கவிதைகளின் ஏட்டில் இந்த வேலை உச்சத்துக்குப் போனது. அதைப் பார்த்து வியந்த அந்நாட்டு எழுத்தாளர் விக்டோரியா ஒகாம்போ பிறகு 1930-இல் பாரிஸில் அவருடைய ஓவியக் கண்காட்சிக்கே ஏற்பாடு செய்தார்.

தாகூர் 1927-இல் மலாயாவுக்கு வந்தவர். கோலாலம்பூர், ஈப்போ, தைப்பிங் எல்லாம் சுற்றிவிட்டு எங்கள் பினாங்குக்கும் வந்தார். யாராவது ஓர் ஏட்டில் ஒரு வரி எழுதி வாங்கி வைத்திருக்க மாட்டார்களா என்று எனக்கு ஓர் ஆசை. பழைய குடும்பங்களில் கேட்டுப் பார்த்தேன். எல்லோரும் தேநீர் கொடுத்தார்கள்.

கீதாஞ்சலியின் ஆங்கில ஏடு 1912-இல் லண்டன் சுரங்க ரயிலில் தொலைந்தே போனது, தெரியுமா? தாகூரின் மகன் பெட்டியை ரயிலில் மறந்து இறங்கிவிட்டார். தொலைந்த பொருள் அலுவலகத்தில் போய் மீட்டார்கள். மறு ஆண்டு நோபல் பரிசு. அந்தப் பெட்டியை எடுத்து ஒப்படைத்த ரயில்வே ஊழியருக்கு ஒரு சிலையாவது வைத்திருக்கலாம்.

செந்தூல்வாசி

நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியர். மேலே அக்கா சொன்னதைப் படித்துவிட்டு, தாகூரின் பக்கம் ஒன்றை ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குத் திரையில் காட்டினேன். ஒரு பையன் எழுந்து, “இவருக்கு லிக்குவிட் பேப்பர் இல்லையா, சார்?” என்றான். அடுத்தவள் கேட்டது இன்னும் மோசம்: “கட்டுரையில் இப்படிச் செய்தால் மதிப்பெண் குறைப்பீர்களா?” பதில் சொல்லாமல் வருகைப் பதிவேட்டைத் திறந்துகொண்டேன்.

பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகன்

எல்லாக் கவிஞரையும் கையெழுத்தில் தேட முடியாது. கண்ணதாசன் பாட்டைச் சொல்லச் சொல்ல உதவியாளர்கள்தாம் எழுதிக்கொண்டார்கள். பஞ்சு அருணாசலம் அப்படி எழுதியவர். அந்தத் தாள்களில் இருப்பது யாருடைய கை? அதனால் மூலத்தாள் என்றதும் கன்னத்தில் போட்டுக்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை. அச்சில் பிழை இல்லாமல் இருந்தால் போதும்.

ஈயஎழுத்து, கோலாலம்பூர்

தம்பி, அச்சில் பிழை இருக்கிறதா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வீர்கள்? உதவியாளர் எழுதியது என்றாலும் அந்தத் தாள் வேண்டும். காதில் விழுந்தது ஒன்று, கை எழுதியது ஒன்று, நாங்கள் கோத்தது ஒன்று என்று ஆவது எவ்வளவு எளிது என்று எனக்குத் தெரியும்.

இங்குள்ள கவிஞர்களின் தாள்கள் என்ன ஆயின என்று யாரும் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். கோத்து முடித்ததும் கம்பியில் குத்துவோம். கம்பி நிறைந்ததும் சாக்கில் போடுவோம். சாக்கு பழைய பேப்பர்காரருக்குப் போகும். எந்த அச்சுக்கூடத்திலும் அதுதான் நடைமுறை. யாரையும் குறை சொல்லவில்லை. கையெழுத்து அழகாக இருந்த சில தாள்களை மட்டும் நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அவற்றில் ஒன்று பால் எடுக்க ரப்பர் மரம் சீவுகிறவள் தன் வாளியோடு பேசுவதாக வரும் கவிதை, பச்சை மையில், ஓர் அடித்தல்கூட இல்லாமல். பெயர் எழுதியிருந்த கீழ்ப்பகுதி கிழிந்துவிட்டது. ‘ழ’கரத்தின் காலை அடுத்த வரி வரை இழுத்து எழுதுகிறவர். படத்தை இங்கே போடுகிறேன். உங்கள் வீட்டில் பழைய கடிதங்கள் இருந்தால் ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்.