வீட்டிலும் டீச்சர்

தமிழ்நாட்டில் ப்ளஸ் டூ வந்தபோது முதல் அணியில் படித்தவள் நான். 1978இல் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்து 1980இல் தேர்வு எழுதினோம். எங்களுக்கு முன்னால் யாரும் அதை எழுதியதில்லை, அதனால் வினாத்தாள் எப்படி வரும் என்று கேட்கக்கூட ஆள் கிடையாது. அப்புறம் இரண்டு வருஷம் ஆசிரியர் பயிற்சி. முடித்த கையோடு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்திருந்தேன். காத்திருப்பு ஏழு வருஷம் போனது. மூன்று வருஷத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அந்தத் தேதியை மறந்தால் பதிவு மூப்பு போய்விடும் என்று அப்பா காலண்டரில் சிவப்பு மையில் வட்டம் போட்டு வைப்பார். இதற்கிடையில் கல்யாணமும் ஆகி மகனும் பிறந்துவிட்டான். 1989இல்தான் ஆணை வந்தது: இடைநிலை ஆசிரியை, புதுக்கோட்டை மாவட்டம் அன்னவாசல் பக்கம் ஒரு கிராமத்து ஈராசிரியர் பள்ளி.

ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர். தலைமையாசிரியர் கூட்டம், சம்பளப் பட்டியல் என்று போய்விட்டால் ஐந்து வகுப்பும் என் தலையில்தான். பஸ்ஸை விட்டு இறங்கி மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டும். மழைக்காலத்தில் கண்மாய்க் கரை வழியாகச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் போவேன்.

1991இல் எங்கள் மாவட்டத்தில், பெரியவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் அறிவொளி இயக்கம் ஆரம்பித்தது. ஷீலாராணி சுங்கத் அப்போது கலெக்டர். குவாரியில் கல் உடைக்கிற பெண்களும் களையெடுக்கப் போகிற பெண்களும் ராத்திரி அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் சிலேட்டோடு உட்கார்ந்தார்கள். நானும் சொல்லிக்கொடுக்கப் போனேன். உண்மையில் அங்கே அதிகம் கற்றுக்கொண்டது நான்தான். எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் பழக்கினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காது, பார் வைத்த பெரிய சைக்கிள்தான். என்னிடம் நாலாம் வகுப்பு படிக்கிற பையன் ஒருத்தன் பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர், கீழ பாக்காதீங்க, நேரா பாருங்க" என்று கத்திக்கொண்டே ஓடிவருவான். முழங்கை இரண்டும் தேய்ந்தது. பத்தாவது நாள் அவன் கையை விட்டது எனக்கே தெரியாமல் கோயில் வரை ஓட்டிப் போய்விட்டேன். எனக்கு அப்போது முப்பது வயது நெருங்குகிறது. அதுவரை எங்கே போவதானாலும் பஸ்ஸையோ என் வீட்டுக்காரரையோ எதிர்பார்த்து நின்றவள் நான்.

அதே வருஷம் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் அம்மா மதிப்பெண் அட்டையில் கைநாட்டு வைக்க மாட்டேன் என்று பேனாவைக் கேட்டு வாங்கினார். நாலு எழுத்துப் பெயர்தான், எழுதி முடிக்க ஐந்து நிமிஷம் ஆனது. நானும் பிள்ளைகளும் சத்தம் போடாமல் பார்த்துக்கொண்டே நின்றோம்.

சைக்கிள் வந்ததால்தான் மகனையும் என் பள்ளியிலேயே சேர்த்தேன். 1992 ஜூன், ஒன்றாம் வகுப்பு. முதல் நாள் வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டுச் சொன்னேன்: "உள்ள போனா நான் அம்மா இல்ல, டீச்சர்." தலையாட்டினான். அன்றிலிருந்து ஐந்து வருஷம், ஒரு தடவைகூடப் பள்ளியில் என்னை அம்மா என்று அவன் கூப்பிட்டதில்லை.

டீச்சர் பிள்ளைக்குச் சலுகை என்று ஊரில் யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தேன். மற்ற பிள்ளை வீட்டுப்பாடம் எழுதாவிட்டால் காரணம் கேட்பேன். இவன் எழுதாவிட்டால் ஸ்கேல். மூன்றாம் வகுப்பில் ஒரு நாள் அடி பலமாக விழுந்துவிட்டது. அழவில்லை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தான். அன்றைக்கு ராத்திரி காய்ச்சல். பாதித் தூக்கத்தில் "டீச்சர், தண்ணி" என்றான். என் மாமியார் என்னைத் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நான் எந்தப் பிள்ளை மேலும் ஸ்கேலை எடுக்கவில்லை.

பிறகு இரண்டு முறை மாறுதல். 2007இல் செயல்வழிக் கற்றல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்தது. பாட அட்டை, அடுத்து எதைப் படிப்பது என்று காட்டும் ஏணிப்படிப் படம், தாழ்வான கரும்பலகை என்று எல்லாம் மாறி, ஆசிரியரும் தரையில் பிள்ளைகளோடு உட்கார வேண்டும் என்றானது. மூட்டு வலித்தாலும் எனக்குப் பிடித்த முறை அதுதான். கடைசி பெஞ்சில் வாயே திறக்காத பிள்ளை அங்கே நம் முட்டியை ஒட்டி உட்கார்ந்து படிக்கும். 2020இல் ஓய்வு பெற வேண்டியவள். ஓய்வு வயது 59, அப்புறம் 60 என்று உயர்ந்ததால் 2022இல் வெளியே வந்தேன். மகளின் பிரசவத்துக்குக் கூடவே இருக்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன், அது முடியாமல் போனது.

மகன் இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறான். போன பொங்கலுக்கு வந்தபோது, இத்தனை வருஷம் மனசில் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன்: "அந்த அடி ஞாபகம் இருக்காப்பா?" அவன் கொஞ்சம் யோசித்தான். "அடி ஞாபகம் இல்லம்மா. சாயங்காலம் சைக்கிள்ல பின்னாடி உக்காந்து வருவேன்ல, உன் முதுகுல சாக்பீஸ் வாசம் அடிக்கும். கண்மாய்க் கரை ஏறினதும்தான் உன்னை அம்மானு கூப்பிட ஆரம்பிப்பேன். அந்த இடம் எப்ப வரும்னு பாத்துக்கிட்டே வருவேன்" என்றான்.