ரிட்டயர்மென்டுக்கு அப்புறம் எங்கே குடியிருப்பது: தோட்டமா, கோபியா, கோயமுத்தூரா?

நம்பியூர் ரோடு

வணக்கமுங்க. மின்வாரியத்தில் வேலை, பல வருசமாகத் திருப்பூரில் வாடகை வீடு. வருகிற மே மாதம் ஓய்வு. அதற்கப்புறம் எங்கே போய் இருப்பது என்று வீட்டில் ரொம்ப நாளாகப் பேச்சு ஓடுகிறது, ஒரு முடிவுக்கு வரமுடியவில்லை.

எனக்கு அவினாசிக்கும் நம்பியூருக்கும் நடுவில் அப்பா காலத்துத் தோட்டம் இருக்கிறது. பழைய சாளை ஒன்று, ஓடு மாற்றினால் குடியிருக்கலாம். கட்டுத்தரையில் ரெண்டு மாடு, கொஞ்சம் காய்கறி என்று இருந்துவிடலாம் என்பது என் ஆசை. வீட்டம்மாவுக்குக் கோபி (கோபிசெட்டிபாளையம்) தான் பிறந்த ஊர், அங்கே டவுனுக்குள் ஒரு வீடு பார்க்கச் சொல்கிறார். மூன்றாவது யோசனை மச்சினிச்சியுடையது. அவர் கோயமுத்தூரில் இருக்கிறார், வடவள்ளிப் பக்கம் பெரியவர்களுக்கென்றே கட்டியிருக்கும் குடியிருப்பில் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், சாப்பாடு, டாக்டர் எல்லாம் உள்ளேயே இருக்கிறது என்கிறார். பையன் பெங்களூரில், பொண்ணைக் கரூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். பையன் கூப்பிடுகிறான், ஆனால் அங்கே பதினோராவது மாடியில் போய் உட்கார ரெண்டு பேருக்கும் மனசில்லை.

தோட்டம் வேண்டாம் என்று வீட்டம்மா சொல்வதற்கு ஒரே காரணம், என் அம்மாவுக்கு ராத்திரியில் மூச்சு முட்டியபோது வண்டி கிடைக்காமல் வாசலிலேயே நின்றோமே, அது மறந்துபோச்சா என்பதுதான். மறக்கவில்லை. ஆனாலும் சொந்த மண் இருக்கும்போது ஏன் வேறு ஊரில் போய் இருக்க வேண்டும் என்றும் தோன்றுகிறது. அத்திக்கடவுத் தண்ணியும் இப்போது குளத்துக்கு வந்துவிட்டது. கையில் வரும் பணத்தில் பாதிக்கு மேல் வீட்டில் போட விருப்பமில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்க.

கோபி கச்சேரிமேடு

அண்ணா, நான் கோபிக்காரன், அதனால் எங்கள் ஊரைத் தூக்கித்தான் பேசுவேன், ஆனால் குறையையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் தண்ணி விசயம். அத்திக்கடவு - அவினாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கிவைத்தார்கள், 1,045 குளம் குட்டைக்குத் தண்ணி போகிறது, நல்லது. ஆனால் அது பவானியில் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே வரும் உபரித் தண்ணி, வருசத்துக்கு 1.5 டிஎம்சி என்று கணக்கு. ஆற்றில் உபரி ஓடினால்தான் குளத்துக்கு வரும், மழை பொய்த்த வருசம் அதை நம்பி மாடு கட்டமுடியாது. குளம் நிறைந்தால் சுற்றுவட்டாரக் கிணற்றில் ஊறும், அது உண்மை. உங்கள் தோட்டம் குளத்துக்கு எவ்வளவு தூரம், போர் எத்தனை அடியில் ஓடுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் மாட்டைப் பற்றி யோசிக்க வேண்டும்.

கோபியில் அந்தக் கவலை குறைவு. கொடிவேரியிலிருந்து தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால், அந்தப் பக்கம் கீழ்பவானி வாய்க்கால், சுற்றிலும் நெல்லும் கரும்பும் மஞ்சளும்தான். நடக்கும் தூரத்தில் கடை, பேங்க், அரசு ஆஸ்பத்திரி. சனிக்கிழமை மொடச்சூர் சந்தைக்குப் போனால் வாரத்துக்குக் காய் வாங்கிவிடலாம், பொழுதோட வாய்க்கால் மேட்டில் நடக்கலாம், பச்சைமலைக்கோ பாரியூருக்கோ நினைத்தால் போய்வரலாம். குறை என்றால் ரயில் கிடையாது. பெங்களூர் பையன் வருவதென்றால் ஈரோட்டில் இறங்கி பஸ் பிடிக்கணும், இல்லையென்றால் சத்தி, திம்பம் வழியாக மலையேறி இறங்கணும். அந்தக் காட்டு ரோட்டில் ராத்திரி வண்டி விட மாட்டார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள். சித்திரை வெயில் கோயமுத்தூரைவிட அதிகம். பெரிய வைத்தியம் என்றால் ஈரோடு, பெருந்துறை, கோயமுத்தூர் போய்த்தான் ஆகணும்.

தோட்டத்துச் சாளையில் வயசானவர்கள் ரெண்டு பேர் மட்டும் தனியாக இருப்பது பற்றி ஒரு வார்த்தை. 2024 நவம்பரில் பல்லடம் பக்கம் சேமலைக்கவுண்டம்பாளையத்திலும், அடுத்த வருசம் சிவகிரி பக்கத்திலும் தோட்டத்து வீட்டில் இருந்தவர்களைக் கொலை செய்தது உங்களுக்கும் தெரியும். அதற்கப்புறம் எங்கள் சொந்தத்திலேயே ரெண்டு குடும்பம் சாளையைப் பூட்டிவிட்டு ஊருக்குள் வந்துவிட்டது. பகலில் போய் வேலை பார்த்துவிட்டுப் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுகிறார்கள். நீங்களும் அப்படிச் செய்யலாமே. கோபியிலிருந்து உங்கள் தோட்டத்துக்கு நம்பியூர் வழியாக எந்நேரமும் பஸ் இருக்கிறது.

மருதமலை அடிவாரம்

தம்பி, உங்கள் மச்சினிச்சி சொன்ன மாதிரிக் குடியிருப்பு ஒன்றில்தான் நான் இருக்கிறேன். வரும்போது என் வீட்டுக்காரரும் கூட இருந்தார், இப்போது நான் மட்டும்.

எனக்கு இது சரியாக இருக்கிறது, ஏன் என்று சொல்கிறேன். காலை ஏழரைக்கு டைனிங் ஹாலில் மேசைக்கு வரவில்லையென்றால் எட்டு மணிக்குள் யாராவது கதவைத் தட்டிவிடுவார்கள். தட்டிப் பதில் வரவில்லையென்றால் அவர்களிடம் இன்னொரு சாவி இருக்கிறது. பாத்ரூமில் கைப்பிடி, படுக்கைப் பக்கத்தில் அழைப்பு மணி, வாசற்படியே கிடையாது, சக்கர நாற்காலி நேராக உள்ளே வரும். அவர் போனதற்கப்புறம் சொந்தக்காரர்கள் பதினாறு நாள் இருந்துவிட்டுக் கிளம்பினார்கள், அதற்குப் பிறகு என்னைச் சாப்பிட வைத்தது எதிர்வீட்டு அம்மாதான்.

இனிப் பணம். வாங்கும் விலையை மட்டும் பார்க்காதீர்கள், மாதாமாதம் கட்டுகிற பராமரிப்புக் கட்டணம்தான் முக்கியம், சாப்பாடு தனி. நான் வந்தபோது இருந்ததற்கும் இப்போதைக்கும் நிறைய ஏறிவிட்டது, பென்சன் அந்த வேகத்தில் ஏறவில்லை. ஒப்பந்தத்தில் வருசத்துக்கு எவ்வளவு ஏற்றலாம் என்று எழுத்தில் இருக்கணும். அடுத்து, பத்திரம் உங்கள் பேருக்கு வருகிறதா அல்லது டெபாசிட் கட்டி இருக்கும் உரிமை மட்டுமா என்று கேளுங்கள். பத்திரமே கொடுத்தாலும் சில இடங்களில் 55 வயசுக்குக் கீழே இருப்பவர்கள் குடியிருக்க முடியாது, பிள்ளைகள் கைக்கு வந்தால் விற்கத்தான் முடியும், அதிலும் நிர்வாகத்துக்கு ஒரு பங்கு. படுத்தபடுக்கையாகிவிட்டால் அங்கேயே பார்ப்பார்களா, வேறிடம் போகச் சொல்வார்களா? இதை நேரடியாகக் கேளுங்கள், மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

மலை ஓரம் என்பதால் இன்னொன்று. தடாகம், மருதமலை, தொண்டாமுத்தூர்ப் பக்கமெல்லாம் யானை வரும். எங்கள் வேலியோரம் பலாப்பழக் காலத்தில் வந்து நிற்கும், பொழுது சாய்ந்தால் வெளியே நடக்க விடமாட்டார்கள். இந்தப் பக்கம் பல கிராமங்களில் கட்டடம் கட்ட ஹாக்கா என்று சொல்கிற மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் அனுமதி வேண்டும். அது இருக்கிறதா, ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவில் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

உங்களுக்கு மாடும் மண்ணும் வேண்டும் என்றால் இங்கே வந்து ஒரு மாதத்தில் சலித்துவிடும் தம்பி. எங்கள் வளாகத்தில் தோட்டக்காரர் கையிலிருந்து மண்வெட்டியைக் கேட்டு வாங்கும் ஆம்பிளைகளை நான் பார்க்கிறேன்.

பெருந்துறை சிஸ்டர்

நான் ஓய்வுபெற்ற ஸ்டாஃப் நர்ஸ். மூன்று பேர் எழுதியதையும் படித்தேன். மருத்துவம் பற்றி எல்லோரும் "பக்கத்தில் ஆஸ்பத்திரி இருக்கா" என்றுதான் கேட்கிறார்கள், கேள்வியை இன்னும் கொஞ்சம் கூர்மையாகக் கேட்கணும்.

பக்கவாதம் வந்தால், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போடணும், அதற்கு முன்னால் சிடி ஸ்கேன் எடுத்து மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்று பார்த்தாகணும். ஆக உங்களுக்குத் தேவை, ராத்திரி ரெண்டு மணிக்கும் சிடி ஓடுகிற, அதைப் பார்த்து முடிவு சொல்ல டாக்டர் இருக்கிற இடம். வீட்டுக்குப் பக்கத்தில் இருபது படுக்கை ஆஸ்பத்திரி இருந்து அங்கே போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு அப்புறம் பெரிய இடத்துக்கு அனுப்பினால் நேரம்தான் போகும். மாரடைப்புக்கும் இதே மாதிரிதான். கோபியிலிருந்து பெருந்துறை மருத்துவக் கல்லூரிக்கோ ஈரோட்டுக்கோ ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம், அது தாங்கும். தோட்டத்திலிருந்து என்றால் 108 வண்டி மண்பாதையில் வீட்டு வாசல்வரை வருமா, ராத்திரியில் டிரைவருக்கு வழி தெரியுமா என்று யோசியுங்கள். உங்கள் காப்பீட்டு அட்டையை எந்த ஆஸ்பத்திரி எடுத்துக்கொள்கிறது என்ற பட்டியலையும் ஊரை முடிவு செய்யும் முன்னால் பாருங்கள்.

இன்னொன்று, எங்கள் வார்டில் வயசானவர்கள் பெரும்பாலும் விழுந்துதான் வருவார்கள். இடுப்பெலும்பு முறிவு. எங்கே விழுந்தீர்கள் என்று கேட்டால் பாத்ரூம், இல்லையென்றால் வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் பாசி பிடித்த கல். தரைத்தளம், வழுக்காத டைல்ஸ், உள்ளேயே வெஸ்டர்ன் டாய்லெட், இது எந்த ஊரில் இருந்தாலும் வேண்டும்.

கடைசியாக வீட்டம்மாவைப் பற்றி. நீங்கள் ரெண்டு பேரும் நன்றாக இருக்கும் காலத்தை வைத்து யோசிக்கிறீர்கள். ஒருத்தர் மட்டும் மிச்சமிருக்கும் காலத்தை வைத்து யோசியுங்கள். நம்ம பக்கம் பெரும்பாலும் பொம்பளைதான் மிச்சமிருக்கிறாள். அவருக்கு மொபட் ஓட்டத் தெரியுமா? தோட்டத்தில் தனியாக இருப்பாரா? அவர் சொல்கிற ஊருக்கு ரெண்டு ஓட்டு.

அவினாசி பத்திரம்

சார், நான் பத்திரம் எழுதுகிறவன், என் பங்குக்கு.

அப்பா காலத்துத் தோட்டம் என்றீர்கள். கூட்டுப் பட்டாவா, உங்கள் பங்கு உட்பிரிவாகித் தனிப் பட்டா ஆகிவிட்டதா? அண்ணன் தம்பி எல்லோரும் நன்றாக இருக்கும்போதே பாகம் பிரித்துவிடுங்கள், அடுத்த தலைமுறை வந்தால் கையெழுத்துக்கு அமெரிக்கா வரை ஓடணும். விற்பதாக இருந்தால், கிராமத்து விவசாய நிலத்துக்கு மூலதன ஆதாய வரி கிடையாது. ஆனால் பத்தாயிரம் பேருக்குக் குறையாத நகராட்சி, பேரூராட்சி எல்லைக்குள் இருந்தாலோ, அந்த ஊரின் மக்கள்தொகையைப் பொறுத்து எல்லையிலிருந்து 2, 6, 8 கிலோமீட்டர் தூரத்துக்குள் இருந்தாலோ வரி வரும். அவினாசிப் பக்கம் என்பதால் ஆடிட்டரிடம் அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, என்னிடம் வரும் பெரியவர்கள் பாசத்தில் செய்வது: இருக்கிற வீட்டைப் பையன் பேருக்குத் தான செட்டில்மென்ட் எழுதிவிடுவது. எழுதிப் பதிவு பண்ணிவிட்டால் அவ்வளவுதான், நினைத்தபடி ரத்து செய்ய முடியாது. 2007 மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-வது பிரிவில் ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) முன்னால் போகலாம், ஆனால் கடைசிவரை பார்த்துக்கொள்ளணும் என்ற நிபந்தனை பத்திரத்தில் இருந்தால்தான் வழக்கு சுலபம். உயில் எழுதுங்கள் சார், மனசு மாறினால் மாற்றிக்கொள்ளலாம். வீட்டில் போடாத பணத்துக்குத் தபால் ஆபீசில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது, ஒருத்தர் பேரில் 30 லட்சம் வரை போடலாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வரும்.

எதையும் உடனே வாங்காதீர்கள். கோபியில் ஒரு வருசம் வாடகைக்கு இருந்து பாருங்கள், சித்திரையும் ஐப்பசியும் ஒருமுறை கழியட்டும்.

நம்பியூர் ரோடு

எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. இதை எழுதுவது அவர் இல்லை, அவர் வீட்டம்மா. ராத்திரி எல்லாவற்றையும் சத்தமாகப் படித்துக் காட்டச் சொன்னேன். சிஸ்டர் எழுதியதைப் படிக்கும்போது அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. எனக்கு மொபட் தெரியாதுங்க.

வாடகைக்குக் கோபியில் பார்ப்பது, சாளைக்கு ஓடு மட்டும் மாற்றிப் பகலில் போய்வருவது, மாடு இப்போதைக்கு வேண்டாம், இவ்வளவுக்கு ஒத்துக்கொண்டிருக்கிறார். கோபி தம்பி, நான் கட்டிக்கொண்டு போனபோது இருந்த ஊர் வேறு, இப்போது புதுசு புதுசாக சைட் போட்டிருக்கிறார்கள். ஆற்றுத்தண்ணி ஒழுங்காக வரும் பக்கம் எது என்று சொல்லுங்க.

கோபி கச்சேரிமேடு

அக்கா, பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கும் தூரத்துக்குள்ளேயே பாருங்கள், பழைய வீதிகளில் போர்டிகோவோ மற்ற வசதியோ இருக்காது, ஆனால் அக்கம்பக்கத்தில் ஆள் இருக்கும். புது சைட்டில் குழாய் போட்டிருப்பார்கள், தண்ணி வருகிறதா என்பது வேறு விசயம். புரோக்கரைக் கேட்காமல் ரெண்டு வீடு தள்ளி வாசல் தெளிக்கிற அம்மாவிடம், எத்தனை நாளைக்கு ஒருமுறை விடுகிறார்கள், எவ்வளவு நேரம் வருகிறது என்று கேளுங்கள். தரைத்தொட்டி எத்தனை லிட்டர் என்று மூடியைத் திறந்தே பாருங்கள். வருகிற சனிக்கிழமை சந்தைக்கு வருவதாக இருந்தால் இங்கே ஒரு வரி போடுங்கள், எனக்குத் தெரிந்து தரைத்தளத்தில் ரெண்டு வீடு காலியாக இருக்கிறது, கூட வந்து காட்டுகிறேன்.