மரச்சட்டத்தில் இரும்புத் தடம்: ரோலர் கோஸ்டர் ஏறியவர்கள் அனுபவம்

கோவை, கணபதி

பிளேட் கட்டிங், வெல்டிங்தான் என் தொழில். கம்பெனி வாங்கிய மெஷினுக்குப் பயிற்சி என்று ஜப்பானில் நகோயாவுக்கு அனுப்பியிருந்தார்கள். ஞாயிறு லீவு. கூட வந்த கோபிச்செட்டிபாளையத்துத் தம்பி, "நாகஷிமா போலாங்ணா, பஸ்ல ஒரு மணி நேரங்கூட ஆகாதுங்" என்று விடாமல் பிடித்துக்கொண்டான். அங்கே இருக்கிற கேளிக்கைப் பூங்காவில்தான் ஹகுகே என்கிற ரோலர் கோஸ்டரில் ஏறினோம். 1994-ல் ஒயிட் சைக்ளோன் என்ற பெயரில் மரத்தில் கட்டியது. 2018-ல் ஓட்டத்தை நிறுத்தி, இரும்புத் தடம் போட்டு 2019 மார்ச்சில் திறந்திருக்கிறார்கள். வேலை செய்தது அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்தில் இருக்கும் ராக்கி மவுண்டன் கன்ஸ்ட்ரக்‌ஷன்.

எல்லோரும் உயரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், என் கண் தடத்தை விட்டு நகரவில்லை. பழைய மர ரோலர் கோஸ்டரில் தடம் என்பது பலகையைப் பல அடுக்காக வைத்து முடுக்கியது, சக்கரம் ஓடுகிற இடத்தில் மட்டும் மேலே மெல்லிசாக ஒரு இரும்புப் பட்டை. மழை வெயிலில் பலகை இளகும், சக்கரம் அடித்து அடித்துப் பள்ளம் விழும், கழற்றி மாற்றுகிற வேலை தீரவே தீராது. இவர்கள் அந்தத் தடத்தை எடுத்துவிட்டு, கீழே தாங்குகிற மரச்சட்டத்தில் உருப்படியானதை வைத்துக்கொண்டு, வேண்டிய இடத்தில் புது மரம் சேர்த்து, மேலே ஐ-பாக்ஸ் என்கிற இரும்புத் தடத்தைப் பூட்டுகிறார்கள். மற்ற இரும்பு ரோலர் கோஸ்டருக்குப் பெரும்பாலும் குழாயை வளைப்பார்கள். இதில் அந்த வேலையே இல்லை. தட்டைப் பிளேட்டை வளைவு எப்படியோ அப்படியே வெட்டி, ஓரத்தோடு ஓரம் சேர்த்துப் பற்றவைத்தால் திருப்பம், முறுக்கு எல்லாம் வந்துவிடும். நம்ம ஊர்ப் பட்டறைகளில் தினமும் நடக்கிற வேலைதான். ஆனால் 1530 மீட்டர் நீளத்துக்கு, ஆள் உட்கார்ந்து தலைகீழாகப் போகிற துல்லியத்தில் அதைச் செய்திருக்கிறார்கள் பாருங்கள், வெல்டிங் ராடு பிடித்தவன் எவனுக்கும் புல்லரிக்கும்.

சரி, சவாரிக்கு வருகிறேன். தோளை அமுக்குகிற பட்டை கிடையாது, தொடைக்கு மேல் ஒரு கம்பி மட்டும்தான். 55 மீட்டர் ஏற்றி, 80 டிகிரி சரிவில் விடுகிறார்கள், வேகம் மணிக்கு 107 கிலோமீட்டர். இறக்கத்தில்கூட எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, அடுத்த மேட்டில்தான் விஷயமே. ஆடி நோம்பிக்குப் புளியமரத்தில் தூரி கட்டி, நின்றபடி உந்தி உச்சிக்குக் கொண்டுபோனால் கயிறு ஒரு கணம் தொய்ந்து கால் பலகையை விட்டுக் கிளம்பும் இல்லையா, அது மேட்டுக்கு மேடு வந்துகொண்டே இருக்கிறது. மரத்தூண்கள் தலையை உரசுகிற மாதிரி கடந்து போகின்றன, ஆனால் உடம்பில் ஒரு குலுக்கல் இல்லை. வெளியே மரம், ஓட்டம் இரும்பு. இரண்டும் ஒரே நேரத்தில் கிடைப்பதுதான் எனக்குப் பிடித்தது. தம்பி இறங்கியதும் பேசாமல் நேரே திரும்ப வரிசைக்குப் போய்விட்டான்.

திருப்பூர்

அண்ணா, அந்தக் குலுக்கல் இல்லை என்று சொன்னீர்களே, அதை நான் இரண்டு பக்கமும் பார்த்திருக்கிறேன். அக்கா அமெரிக்காவில் ஒஹையோவில் இருக்கிறாள். முதலில் வேறொரு பூங்காவில் பழைய மர ரோலர் கோஸ்டரில் ஏற்றினாள், பெயர் வேண்டாம், இறங்கிய பிறகு இரண்டு நாள் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. அப்புறம் சீடார் பாயின்ட் பூங்காவில் ஸ்டீல் வெஞ்சன்ஸ் என்கிற ரோலர் கோஸ்டர் என்றதும் நான் மாட்டேன் என்றேன். "இது வேறடி, நம்பி வா" என்று இழுத்துப் போனாள். 1991-லிருந்து 2016 வரை மீன் ஸ்ட்ரீக் (Mean Streak) என்ற பெயரில் மரத் தடத்தில் ஓடியதை மாற்றி 2018-ல் திறந்தது. உயரம் 62 மீட்டர், இறக்கம் நேர் செங்குத்து, 4 முறை தலைகீழ். சீட்டை விட்டு உடம்பு எழும்பும் நேரத்தைக் கூட்டினால் 27 நொடி என்று பூங்காவே கணக்குச் சொல்கிறது. பின்பாதியில் வண்டி மரச்சட்டத்துக்கு உள்ளேயே புகுந்து புகுந்து வருகிறது, அங்கேதான் நான் அதிகம் கத்தினேன். கழுத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. திறந்த வருஷமே வரிசையில்கூட செல்போன் கூடாது என்று வைத்துவிட்டார்கள். அது நியாயம், அந்த எழும்பலில் பாக்கெட்டில் எதுவும் தங்காது.

பெருந்துறை

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோவிக்க வேண்டாம். பையன் டாலஸ் பக்கம் இருப்பதால் இந்த வகையில் முதலாவதான நியூ டெக்சாஸ் ஜயன்டிலேயே போய்விட்டேன். 1990-ல் மரமாகத் திறந்து 2011-ல் இரும்பாக மாறியது. அருமையான சவாரி, சந்தேகமே இல்லை. ஆனாலும் எல்லா மரத் தடத்தையும் இப்படி மாற்றிவிட வேண்டும் என்று பேசுகிறவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. ஒஹையோவிலேயே கிங்ஸ் ஐலண்ட் பூங்காவில் பீஸ்ட் என்கிற ரோலர் கோஸ்டர் 1979-லிருந்து மரத் தடத்தில்தான் காட்டுக்குள் ஓடுகிறது. அந்தக் கடகட சத்தமும் ஆட்டமும் வேண்டும் என்றே வருகிற கூட்டம் இருக்கிறது, நானும் அதில் ஒருவன். பராமரிக்கக் கட்டுப்படியாகாமல் மூடப்போகிறார்கள் என்றால் தாராளமாக இரும்பு போடட்டும். நன்றாக ஓடுவதைத் தொட வேண்டாம்.

கோவை, கணபதி

பெருந்துறை அண்ணா சொல்வது சரிதானுங்க, இரும்பு போட்டால் மூடுகிற நிலையில் இருப்பது பிழைக்கிறது என்பதுதான் என் சந்தோஷமும். தனியாகக் கேட்டவர்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன்: பிரஷர், இருதயக் கோளாறு, முதுகுவலி இருந்தால் ஏற வேண்டாம். மற்றவர்கள் முதல் தடவை முன்வரிசையில் உட்காருங்கள், வழி தெரியும். அடுத்த தடவை கடைசி வரிசை. முன்பெட்டிகள் இறங்கும்போது பின்னால் இருப்பவர்களை மேட்டுக்கு மேல் இழுத்துப்போகும், அதனால் சீட்டை விட்டு எழும்புவது அங்கேதான் அதிகம்.