ஃபர் எலீஸில் ஆரம்பிக்கச் சொல்லும் புண்ணியவான்களுக்கு

கறுப்புக்கட்டை:
நேற்று இன்னொரு இழையில் ஒருத்தர் எழுதியிருந்தார்: "பியானோ புதுசா கத்துக்கிறவங்க பீத்தோவனோட ஃபர் எலீஸ்ல ஆரம்பிங்க. முதல்ல ஒன்பது சுரம் வலக்கை மட்டும்தான், ஒரே நாள்ல வந்துடும்." படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. 19 வருஷமாகச் சொல்லித் தருகிறேன். ஈ, டி ஷார்ப், ஈ, டி ஷார்ப், ஈ, பி, டி, சி. வலக்கை தனியாக வாசிப்பது இந்த எட்டுதான். ஒன்பதாவதாக வரும் ஏ-விலேயே இடக்கையும் சேர்ந்து விழ வேண்டும். பிள்ளைகள் நின்றுபோவது சரியாக அந்த இடத்தில்தான்.

பல்லாவரத்தான்:
எழுதினது நான்தான். ஒன்பதுன்னா ஒன்பதுதான் சார். அக்கா பொண்ணுக்கு பத்து வயசு, ஒரே வாரத்துல வாசிச்சா. எங்க அப்பார்ட்மெண்ட் பொங்கல் விழாவுல எல்லாரும் எழுந்து கைதட்டினாங்க. அதுக்கு முன்னாடி ஆறு மாசம் அஞ்சு விரல் பயிற்சியை மட்டும் கொடுத்து, அவ பியானோ மூடியைத் திறக்கவே அழுதுட்டு இருந்தா. ஆசைப்பட்ட பாட்டைக் கொடுத்தாதான் குழந்தை தானா போய் உட்காரும்.

கறுப்புக்கட்டை:
எட்டு. அப்புறம் இடக்கை ஏ, ஈ, ஏ என்று ஏறி, வலக்கை சி, ஈ, ஏ என்று வாங்கி பி-யில் நிறுத்தும். போன மாதம் ஒரு பையன் வந்தான். ஆட்காட்டி விரல் ஒன்றாலேயே ஈ-யையும் டி ஷார்ப்பையும் மாறி மாறிக் குத்துகிறான், சுண்டுவிரல் மடங்கி உள்ளங்கைக்குள் கிடக்கிறது. வீடியோ பார்த்துக் கற்றானாம். அந்தச் சுண்டுவிரலை நிமிர்த்த எனக்கு மூன்று வாரம் ஆனது. நடுவில் எஃப் மேஜர் பகுதி இருக்கிறதே, அதை உங்கள் அக்கா பெண் வாசித்தாளா?

பல்லாவரத்தான்:
முதல் பகுதி வாசிச்சா போதும். அதை பகடெல்னுதானே சொல்றாங்க? அப்படின்னா அற்பமான சின்ன விஷயம்னு அர்த்தம்.

கறுப்புக்கட்டை:
சொனாட்டா என்ற பெரிய பியானோ உருப்படிகளை 32 எழுதியவருக்கு அது சின்ன விஷயம். உங்களுக்கும் எனக்கும் அல்ல.

இடதுகைக்காரி:
இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க. அதே பீத்தோவனோட ஒன்பதாவது சிம்பொனி, 1824. அதில் வரும் ஓட் டு ஜாய் மெட்டைக் கொடுங்களேன். சி-யிலிருந்து வாசித்தால் கிட்டத்தட்ட முழுவதும் ஐந்து விரலுக்குள் அடங்கிவிடும், மூன்றாவது வரியில் ஒரே ஒரு சுரம்தான் கீழே இறங்கும். நான் அதில்தான் ஆரம்பித்தேன். அடுத்தது ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் ஜி மேஜர் மினுவெட், அந்தச் சின்ன நடன இசை.

கறுப்புக்கட்டை:
மெட்டு நல்ல தேர்வு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த மினுவெட் பாக்குடையது அல்ல, கிறிஸ்டியன் பெட்ஸோல்ட் எழுதியது. பாக் தன் மனைவிக்குக் கொடுத்த 1725-ஆம் வருஷத்து நோட்டுப் புத்தகத்தில் இருந்ததால் அவர் பெயரில் ஒட்டிக்கொண்டது. இதைப் போன வருஷமே உங்களுக்குச் சொன்னேன்.

இடதுகைக்காரி:
போன வருஷம் மெட்ரோனோம் இழையிலும் இப்படித்தான், பேச்சை விட்டுவிட்டு என் ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் தொங்கினீர்கள். யார் எழுதினால் என்ன, விரலுக்குப் பொருந்துகிறதா என்பதுதான் கேள்வி.

மோகனம்61:
ஏன் எல்லாம் வெள்ளைக்காரன் பாட்டு? நம்ம பிள்ளைகளுக்குக் காதில் ஏற்கனவே இருக்கிற சினிமாப் பாட்டைக் கொடுங்க. மெட்டு மனசுல இருந்தா விரல் தானா தேடிக்கும். நான் 61 கட்டை கீபோர்டில் அப்படித்தான் கற்றேன்.

கறுப்புக்கட்டை:
கீபோர்டு வேறு, பியானோ வேறு. எந்த வேகத்தில் அழுத்தினாலும் ஒரே சத்தம் வரும் கட்டையில் பழகியவர் 88 கட்டைக்கு வந்ததும் விரலில் பலமில்லாமல் தவிப்பார். இரண்டாவது, சினிமாப் பாட்டில் பாடகர் இழுக்கிற கமகம் கட்டையில் வராது. அது வரவில்லையே என்று பிள்ளை தன்னையே நொந்துகொள்ளும்.

மோகனம்61:
வசதி இருக்கிறவங்க பேச்சு. 88 கட்டை வாங்கக் காசு இல்லாதவன் வாசிக்கவே கூடாதா? எங்க தெருவில் பாதிப் பேர் இரவல் கீபோர்டில்தான் கற்றார்கள். இப்போ ரெண்டு பேர் கல்யாணக் கச்சேரிகளில் வாசித்துக் குடும்பம் நடத்துகிறார்கள்.

கறுப்புக்கட்டை:
நான் காசைப் பற்றிப் பேசவே இல்லை. விரலைப் பற்றிப் பேசினேன். உங்கள் பேச்சு எங்கே போனாலும் நான் கேட்டது ஒன்றுதான்: எட்டா, ஒன்பதா?

பல்லாவரத்தான்:
ஒன்பது. இப்பதான் அவளை வாசிக்கச் சொல்லி எண்ணினேன்.

கறுப்புக்கட்டை:
இடக்கையும் வைத்தாளா?

பல்லாவரத்தான்:
இடக்கை அடுத்த வாரம் சார். முதல்ல இது.

கறுப்புக்கட்டை:
எட்டு.